வாசல்தோறும் கிடந்த செருப்புகள்

ஆவூர்,
நவம்பர் 12.

அன்பு மகள் அன்புமொழிக்கு, ஆவூரிலிருந்து அப்பா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நானும் அம்மாவும் தம்பி சந்தோஷும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்களுடைய முதல் செபம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, குளம் பாதிக்கு மேல் ஏறிவிட்டது, சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, டாக்டர் சொன்ன மாத்திரையைப் போடாமல் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நீ கேட்பாய். உன் கல்யாண விஷயத்தைப் போனில் எடுத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், ஆறு மாதமாக இதுதானே நடக்கிறது. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதி, சந்தோஷை விட்டுப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லப்போகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற உன் பழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிட்டு வரிசையாகப் படி.

அங்கே உன்னோடு வேலை பார்க்கிற சேரனுடைய அம்மா அமராவதி அம்மாள் மே மாதம் கந்தர்வக்கோட்டையிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்ததும், நான் முடியாது என்று சொன்னதும் உனக்குத் தெரியும். என்ன பேச்சு நடந்தது என்று முழுதாக நான் உனக்குச் சொன்னதில்லை. தட்டு நிறைய முந்திரிப்பருப்பும் பழமும் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில், "அண்ணே, ஆண்டவரோட வருகை எந்த நிமிசத்துலயும் வந்துரும். வயல்ல ரெண்டு பேரு நின்னா ஒருத்தர எடுத்துக்கிருவாரு, ஒருத்தர விட்டுருவாரு. எம் மவனும் ஒங்க மகளும் சேந்து மேகத்துல ஏறணும், அதுக்குத்தான் அந்தப் புள்ள எங்க சபையில முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கணும்ங்கிறேன்" என்றார். அப்படியென்றால் நானும் என் பெண்டாட்டியும் என்று கேட்டேன். அந்த அம்மா, "ஒங்களுக்காக அழுது ஜெபிக்கிறேண்ணே" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்தக் கோயில் மணிக்கு எழுந்திருக்கிற குடும்பம், என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து நீ கைவிடப்படுவாய் என்றால் விடுவேனா? என் மகளை மேகத்தில் ஏற்றிவிட்டு நாங்கள் கீழே நின்று டாட்டா காட்ட வேண்டுமா என்று கத்தி, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் உனக்குப் போன் போட்டு, இது நடக்காது என்று சொன்னது.

அதோடு நான் விடவில்லை பாப்பா. அந்த அம்மாவை வாதத்தில் மடக்க வேண்டும் என்று வெறியாக இருந்தேன். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். ஆள் செத்ததும் அவனவனுக்குத் தனித்தீர்வை என்று ஒரு தீர்ப்பு உண்டு, கறை போகாத ஆத்துமங்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும், அதற்காகத்தான் நாம் செபிக்கிறோம், கடைசி நாளில் ஆண்டவர் ஒரே தடவை எல்லாரும் பார்க்க வருவார், செத்தவர்கள் எழுவார்கள், பொதுத்தீர்வை நடக்கும், யாருக்கும் தெரியாமல் சிலரை மட்டும் தூக்கிக்கொண்டு போகிற வேலையெல்லாம் நம்மிடம் இல்லை என்று சாமியார் விளக்கமாகச் சொன்னார். பிறகு அவர்கள் பக்கம் விசாரித்தேன். கேள் வேடிக்கையை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரே முந்திரிக்காட்டில் இரண்டு தகரக்கொட்டகைச் சபை. அமராவதி அம்மாள் போகிற சபையில், ஏழு வருட உபத்திரவ காலம் வருவதற்கு முன்னாலேயே விசுவாசிகளை ஆண்டவர் எடுத்துக்கொள்வார், அந்திக்கிறிஸ்து ஆட்டம் போடுவதெல்லாம் மிச்சம் இருப்பவர்களிடம்தான் என்கிறார்கள். அடுத்த கொட்டகையில், இல்லை, விசுவாசிகளும் அந்த உபத்திரவத்தில் கிடந்து தேறிய பிறகுதான் என்கிறார்கள். இரண்டு பாஸ்டரும் எதிரெதிரே வண்டியில் வந்தால்கூட முகம் பார்ப்பதில்லையாம். சந்தோஷோடு வேலை பார்க்கிற லுத்தரன் சபைப் பையன் ஒருத்தன், வேதத்தில் வருகிற கிறிஸ்துவின் ஆயிரம் வருட ஆட்சி என்பது காலண்டரில் எண்ணுகிற ஆயிரமே இல்லை, திருச்சபை இருக்கிற காலம் முழுதையும் சொல்வது என்கிறான். எல்லாரும் படிப்பது ஒரே வேதம். இத்தனையையும் மனதில் அடுக்கி வைத்துக்கொண்டு, அந்த அம்மா மறுபடி வரட்டும் என்று காத்திருந்தேன். உன் அம்மா சொன்னாள், "பாஸ்கா நாடகத்துல பிலாத்து வேசம் கட்டிக் கட்டி வீட்டுலயும் தீர்ப்புச் சொல்லிக்கிட்டே திரியிறீங்க, எம் மக கல்யாணத்துல மட்டும் கை கழுவிப்புட்டீங்க" என்று.

இப்போது கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். அன்றைக்கு நம் தெருவில் எல்லாரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கல்லறைக்குப் போவது உனக்குப் பழக்கமான விஷயம், அமராவதி அம்மாளுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் சபையில் செத்தவர்களுக்காகச் செபிப்பதும் இல்லை, கல்லறைக்குப் பூப்போடுவதும் இல்லை, அதனால் அது என்ன நாள் என்றே அவருக்குத் தெரியாது. சேரனிடம்கூடச் சொல்லாமல், இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்போம் என்று புதுக்கோட்டை வந்து பஸ் மாறி, சாயங்காலம் நம் தெருவுக்கு வந்திருக்கிறார். சின்ன மழைக்கே கரண்ட் போய்விட்டதால் கல்லறையில் மைக் செட்டும் ஓடவில்லை, ஊரில் ஒரு சத்தமும் இல்லை. நம் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, வாசலில் என் செருப்பு, அம்மா செருப்பு, தம்பி செருப்பு. அடுப்பில் பால் பொங்குகிறது, ஆள் இல்லை. எனக்குப் போன் போட்டிருக்கிறார், அது வீட்டுக்குள் மேஜை மேலேயே அடிக்கிறது. அடுத்த வீட்டு வாசலிலும் செருப்பு, அதற்கடுத்த வீட்டிலும் செருப்பு. பயந்துபோய்ப் பாஸ்டருக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால். சேரனுக்குப் போட்டால் எடுக்கவில்லை, அவன் நைட் டியூட்டி முடிந்து தூங்கியிருப்பான். பிறகு அந்த அம்மாவே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெருப் பூரா செருப்பு போட்டது போட்டபடி கெடக்குண்ணே, ஆள மட்டும் காணோம். எம் மவனையும் கூட்டிட்டுப் போயிட்டாரு, எங்க பாஸ்டரையும் கூட்டிட்டுப் போயிட்டாரு, ஆவூர்க்காரவுகளையும் கூட்டிட்டுப் போயிட்டாரு, என்னைய மட்டும் விட்டுட்டாருன்னு நெனச்சேன்." கவனித்தாயா பாப்பா, மே மாதம் எங்களைக் கீழே விட்டவர், அந்த நிமிடத்தில் யோசிக்காமல் எங்களை மேலே ஏற்றித் தன்னைக் கீழே வைத்துக்கொண்டார்.

நானாக இருந்தால் தெருவில் விழுந்து புரண்டு கத்தியிருப்பேன், இல்லை ஆண்டவரோடு சண்டைக்கு நின்றிருப்பேன். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? உள்ளே போய் அடுப்பை அணைத்தார். மழை வலுக்கிறது என்று நம் வீட்டுக் கொடியில் கிடந்த துணியை எடுத்து உள்ளே போட்டார், பக்கத்து வீட்டுத் துணியையும் எடுத்துப் போட்டார். நனைந்துகொண்டிருந்த கன்றை அவிழ்த்துக் கொட்டகைக்குள் கட்டினார். அப்போதுதான் அடுத்த வீட்டில் பிச்சைப் பெரியப்பாவின் முனகல் கேட்டிருக்கிறது. பெரியப்பா பக்கவாதத்தில் படுத்து, பேச்சும் குழறிப்போய்க் கிடப்பது உனக்குத் தெரியும், அசந்து தூங்குகிறாரே என்று வீட்டார் அவரை விட்டுவிட்டுக் கல்லறைக்கு வந்திருந்தார்கள். முன்பின் தெரியாத அந்த மனுஷருக்கு அமராவதி அம்மாள் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்து, நனைந்து கிடந்த வேட்டியை மாற்றி, உடம்பைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே கல்லறையில் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளி, "பாலு! அடுப்புல பாலு!" என்றாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கிறது, துணி உள்ளே கிடக்கிறது. பெரியப்பா வீட்டில் பேச்சுக்குரல் கேட்டுப் போய் வாசலில் நின்றேன். அந்த அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரியப்பாவின் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். "அய்யா, ஒங்களையும் விட்டுட்டாரா? அழுவாதீங்க. இனிமே ரொம்பக் கஷ்டகாலம் வரும்ங்கிறாக, வந்தா வரட்டும். நான் எங்கிட்டும் போகமாட்டேன். செத்த நேரம் இருங்க, ஒங்களுக்குக் கஞ்சி வச்சுத் தாரேன்." எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. உலகம் முடிந்துவிட்டது, தான் நம்பியவர் தன்னை வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்று மனதார நம்புகிற ஒரு மனுஷி, அந்த நேரத்தில் யாரோ ஒருத்தருக்குக் கஞ்சி வைக்க எழுந்திருக்கிறார்.

எழுந்து திரும்பியவர் என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, "அய்யோ அண்ணே, ஒங்களையுமா விட்டுட்டாரு?" என்று எனக்காக அழுகிறார்! கல்லறைக்குப் போயிருந்தோம்மா, வெறுங்காலோடு போவது எங்கள் வழக்கம், எல்லாரும் இதோ வந்துவிடுவார்கள் என்று சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார், பிறகு மறுபடியும் அழுதார். பெரியப்பாவும் படுத்தபடியே கோணல் வாயோடு சிரித்தார், அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. ஆறு மாதமாக நான் சேர்த்து வைத்த வாதம் எல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்காதே. மடக்குவதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது, ஆனால் ஒரு காபி சாப்பிடுங்கம்மா என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

மிஞ்சின பாலில், பின்னாலேயே வந்து சேர்ந்த அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். நான் மெதுவாக, இத்தனைக்குப் பிறகும் அந்த வருகையை நம்புகிறீர்களா என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வருகை உண்டுண்ணே. இன்னைக்கு இல்ல, அம்புட்டுத்தான்" என்றார். அந்த உறுதி எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது தெரியுமா? பயத்தில் கட்சி மாறுகிற ஆள் இல்லை. நானும் விடவில்லை, வருவார், ஆனால் ஒரே தடவைதான் வருவார் என்றேன். பஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் சத்தமாக வாதாடினோம், ஆனால் இந்தத் தடவை கோபம் இல்லை. முழுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றி இனி வற்புறுத்தமாட்டேன், அது அந்தப் பிள்ளையும் ஆண்டவரும் பேசிக்கொள்ள வேண்டியது என்று அவராகவே சொன்னார். உங்களை விட்டுவிடுவார் என்று இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டேன், அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது என்றும் சொன்னார். பஸ் ஏறும்போது, "ஊருல யாருக்கும் சொல்லிப்புடாதீங்கண்ணே, மானம் போயிரும். ஒங்க மகளுக்கு மட்டும் எழுதுங்க. வரப்போற மாமியா லட்சணத்த அந்தப் புள்ள தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும்" என்றார். சேரன் தூங்கி எழுந்து திரும்பக் கூப்பிட்டபோது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம், அவனுக்கு இது தெரியாது.

லட்சணத்தைச் சொல்லிவிட்டேன், முடிவு உன்னுடையது. என்னுடையதைக் கேட்டால், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் அம்மாவும் தட்டோடு கந்தர்வக்கோட்டைக்குப் போகிறோம். சாமியாரிடம் பேசிவிட்டேன், கலப்புத் திருமணத்துக்கு ஆயரிடம் அனுமதி வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னார், தாலி நம் கோயிலில், அன்றைக்கு மத்தியானம் அவர்கள் பாஸ்டர் வந்து நம் வீட்டில் ஜெபம் செய்துகொள்ளட்டும். முன்னாலா பின்னாலா, ஒரு தடவையா இரண்டு தடவையா, அதெல்லாம் அந்த நாள் வரும்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும். பொதுத்தீர்வையில் என்ன கேட்பார்கள் என்பது மட்டும் நம் சாமியார் வருடந்தோறும் சொல்லித் தெரியும், தண்ணீர் கொடுத்தாயா, துணி உடுத்தினாயா, நோயில் கிடந்தவனைப் பார்த்தாயா என்றுதான். பெற்றவனுக்கு உள்ளது ஒரே கவலை. எந்த நாளிலாவது என் மகள் தனியாக விடப்பட்டு நிற்க நேர்ந்தால், நான் எங்கிட்டும் போகமாட்டேன் என்று சொல்ல ஒருத்தர் பக்கத்தில் வேண்டும். அந்த ஆளை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, டியூட்டிக்கு நடுவில் சாப்பிடாமல் காபியைக் குடித்தே ஓட்டாதே, செபமாலையை மறக்காதே. ஆண்டவர் உன்னையும் சேரனையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும், மாதா உங்கள் கூடவே நடக்கட்டும், அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டுவிடச் சொல்கிறாள், போட்டுவிட்டேன். கடைசியாக ஒன்று. அமராவதி அம்மாளிடமிருந்து போன் வந்தால் நைட் டியூட்டி, தூக்கம் என்று இரண்டு பேரும் சாக்குச் சொல்லாமல் எந்த நேரமானாலும் எடுங்கள். எடுக்காவிட்டால் அந்த அம்மா என்ன நினைத்துக்கொள்வார் என்று இப்போது உனக்குத் தெரியும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா
இன்னாசிமுத்து