பாதிப் பேருக்கு மருந்து

மார்ச் 4
அரிசி, எண்ணெய், மகளின் ஊசிகள் – கணக்கு எழுதியாயிற்று.
மகளுக்குப் பத்தொன்பது வயது. பத்து வயதிலிருந்து சர்க்கரை. இப்போது சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருக்கிறது. யூரிக் அமிலமும் அதிகம். அதைக் குறைத்தால் சிறுநீரகமும் இதயமும் தப்புமா என்று மருத்துவமனையில் ஓர் ஆய்வு, ஒரு வருடத்துக்கு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மார்ச் 5
இறைவா, என் பிள்ளைக்கு மருந்தே விழட்டும்.

மார்ச் 19
கண்மூடி உட்கார்ந்திருந்தபோது மகள் எட்டிப் பார்த்தாள். "மாத்திரை டப்பாவெல்லாம் அப்பவே ஒட்டியாச்சும்மா. இனிமே சிபாரிசு செல்லாது."
சிரித்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை.

ஜூன் 2
பரிசோதனை நாள். காத்திருக்கும் அறையில் ஒரு தையல்காரம்மா. பக்கத்தில் இருந்த அவள் மகளும் இதே ஆய்வில்தான். என் மகளைவிடக் கசிவு அதிகம். என் மகளின் இன்சுலின் பை பிய்ந்திருந்ததைப் பார்த்து, "குடும்மா, இதை வெச்சுக்கிட்டா ஊர் சுத்தறே?" என்று வாங்கி, அங்கேயே தைத்துக் கொடுத்தாள்.
பேச்சுவாக்கில் என் பிரார்த்தனையைச் சொன்னேன்.
"நானும் என் பொண்ணுக்கு அதையேதான் கேக்கறேன் அக்கா. பொய் சொல்வானேன்."

ஜூன் 3
கண்ணை மூடினால் வார்த்தை வரவில்லை. வரவு செலவு எழுதுகிறவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? என் பிள்ளைக்குக் கொடு என்றால், இன்னொருத்தி பிள்ளைக்கு வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்த பிறகு எப்படிக் கேக்கறது? கேக்காமத்தான் எப்படி இருக்கறது?

ஜூன் 11
இன்றும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 7
ஒரு வருட ஆய்வு முடிந்துவிட்டது. யாருக்கு எது என்று இன்று சொன்னார்கள். என் மகளுக்கு வெறும் மாத்திரை. தையல்காரம்மா மகளுக்கு மருந்து. அந்தப் பெண்ணுக்கு யூரிக் அமிலம் நன்றாக இறங்கியிருக்கிறது. கசிவு இறங்கவில்லை.
டாக்டர் சொன்னார்: "ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா. இந்த மருந்தால தனியா லாபம் தெரியல. சர்க்கரை, ரத்த அழுத்தம், உப்பு – அதுல பிடியை விடாதீங்க."
வெளியே வந்ததும் தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கேட்டதையும் கடவுள் எனக்கே குடுத்துட்டான் அக்கா. வாங்கி என்ன பிரயோஜனம்?" இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.

ஏப்ரல் 8
காலையில் கண்மூடி இரண்டு பெண்களின் பெயரையும் சொன்னேன். இது வேண்டும், அது வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய்ச் சமையலில் உப்பைக் குறைத்துப் போட்டேன்.
மகள் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டாள்.