இரண்டாம் ஓட்டுநர்

மார்ச் 4
மூடிக்கடை

இரண்டாம் ஓட்டுநர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இன்சூரன்ஸ் பாலிசியில் உங்களுக்கு அப்படித்தான் பெயர் போட்டிருக்கிறார்கள். எனக்கு முதல் ஓட்டுநர் என்று பெயர். நான் நலம். நீங்களும் நலம்தான் என்று உங்கள் தங்கை, நான் கேட்காமலே, போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்க முடியும். வியாபாரத்துக்கு அதுதான் சரி. இது வியாபாரக் கடிதம்.

கார் இன்சூரன்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புது பிரீமியம் எவ்வளவு என்று தாள் வந்தது. போன வருஷத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இந்த வருஷம் நான் எதையும் இடிக்கவில்லை, ஒரு கிளைமும் கேட்கவில்லை. போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பிறகு பாட்டு. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பெண் குரல் சொல்லச் சொல்ல நான் ஒரு மூட்டை பாட்டில் மூடியை எண்ணிப் பெட்டியில் போட்டு முடித்துவிட்டேன். கடைசி மூடி விழுந்ததும் லைன் கட்.

நேரில் போனேன். டை கட்டிய ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான்.

"ஏன் தம்பி ஏத்துனீங்க?"

"எல்லாருக்குமே ஏறியிருக்குங்க மேடம்."

"எல்லாருமா இடிச்சாங்க?"

"நிறைய பேர் இடிச்சிருக்காங்க."

"அப்ப இடிச்சவங்ககிட்ட வாங்குங்க. பக்கத்துக் கடைக்காரன் பாட்டிலை உடைச்சதுக்கு நான் என் கஸ்டமர்கிட்ட மூடி விலையை ஏத்துனா, மறுநாள் கடைக்கு ஈ வருமா?"

"உங்க பழைய கிளைம் மூணும் வண்டியோட பின்பக்கம் இடிச்சது மேடம். சிஸ்டம்ல அப்படியே இருக்கு."

"என் மாமியார்கூட இத்தனை ஞாபகம் வச்சதில்ல தம்பி."

சிரித்தான். ஆனால் குறைக்கவில்லை. சரி, இல்லாத ஆளுக்கு எதற்குக் காசு, உங்கள் பெயரை எடுத்துவிட்டால் கொஞ்சம் இறங்குமே என்று எடுக்கச் சொன்னேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். தொகை இன்னும் ஏறியது. "சாரோட ரெக்கார்ட் ரொம்ப சுத்தம் மேடம். அவர் இருக்கறதாலதான் இந்த அளவுக்காவது நிக்குது" என்றான். எனக்கு நாற்காலி தேவைப்பட்டது.

அதோடு விடவில்லை. படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டாம் ஓட்டுநர் முதல் ஓட்டுநருடன் ஒரே முகவரியில் வசிக்கிறாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால்தான் உங்கள் சுத்தம் எனக்கு உதவும். மழைக்காலத்திலேயே போய், பெட்டியையும் வரவழைத்துக்கொண்ட மனிதரை இங்கே இருக்கிறார் என்று நான் எப்படி எழுதுவது? நடைபாதையில் ஒரு சாக்கை விரித்து மூடி விற்ற நாளிலிருந்து நான் எண்ணிக்கையில் பொய் சொன்னதில்லை. இல்லை என்று எழுதினால் நஷ்டம்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, எந்தக் கட்டம் என்பதையும் நீங்களே குறித்து அனுப்பவும்.

இப்படிக்கு,
முதல் ஓட்டுநர்


மார்ச் 9
டிரைவிங் ஸ்கூல் மாடி

முதலாளியம்மாவுக்கு,

படிவம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டம் இரண்டையும் காலியாக விட்டிருக்கிறேன். திட்டாதே. நான் ரயில் எஞ்சின் ஓட்டியவன். சிக்னல் பச்சையா சிவப்பா என்று தெரியாவிட்டால் வண்டியை நகர்த்தக்கூடாது என்றுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். என்ன நிறம் என்று பிடிபடவில்லை.

இங்கே தங்கையும் மாப்பிள்ளையும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டில் உப்பு மட்டும் இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். மாடி அறையில் என் கட்டிலைச் சுற்றி எட்டுப் பழைய டயர். காலையில் எழுந்தால் நானே ஒரு கார் மாதிரி இருக்கிறேன்.

மாப்பிள்ளையின் டிரைவிங் ஸ்கூலில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை பிடித்திருக்கிறது. இப்போது ஒரு பல் டாக்டர் அம்மா படிக்கிறார். லாரி ஹாரன் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். "உங்க நாற்காலியில உக்கார்றவங்க கண்ணை மூடலாம், நீங்க மூடக்கூடாதும்மா" என்றேன். நேற்று ஒற்றைக் கண்ணை மட்டும் மூடினார். முன்னேற்றம்.

மூன்றாவது கியரில் ஒரு முனகல் இருந்ததே, பார்த்தாயா? ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதே.

இப்படிக்கு,
சுத்தமான ரெக்கார்ட்


மார்ச் 14
மூடிக்கடை

மதிப்பிற்குரிய சுத்தத்துக்கு,

காலிக் கட்டத்தோடு படிவம் வந்து சேர்ந்தது. ரொம்ப உதவி.

இந்தக் கம்பெனி இல்லாவிட்டால் இன்னொன்று என்று நாலு இடத்தில் விலை கேட்டேன். எல்லோரும் முதலில் தேன். ஒரு பெண், "உங்களை மாதிரி அனுபவசாலிகளுக்குன்னே ஒரு பிளான் இருக்கு மேடம்" என்று குழைந்தாள். பழைய கிளைம் உண்டா என்றாள். மூன்று என்றேன். எந்தப் பக்கம் என்றாள். பின்பக்கம் என்றேன். "மூணுமேவா?" என்றாள். பிறகு அவள் சொன்ன தொகைக்கு ஒரு பழைய காரே வாங்கலாம். இடித்தால் கொடுப்போம் என்று சொல்லித்தான் காசு வாங்குகிறார்கள். இடித்தோம், கொடு என்று போனால் முகம் மாறிவிடுகிறது. பின்விளக்கு உடைந்தபோது வந்த சர்வேயரை நினைவிருக்கிறதா? "இந்த விரிசல் ஏற்கனவே இருந்த மாதிரி இருக்கே" என்று பூதக்கண்ணாடியை எடுத்தாரே, அவரேதான் நம் கம்பெனியில் இப்போதும் சேதம் பார்க்கிறாராம்.

சரி, உங்கள் ரெக்கார்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினில் ஸ்டியரிங்கே கிடையாது. தண்டவாளம் போகிற வழியில் போனீர்கள். எனக்கும் யாராவது கடையிலிருந்து வீடு வரை தண்டவாளம் போட்டுக் கொடுத்தால் என் ரெக்கார்டும் பளபளக்கும்.

சிக்னல் தெரியவில்லை என்கிறீர்கள். அன்றைக்கு மட்டும் நன்றாகத் தெரிந்ததோ? கால்வாய் ரோட்டில் நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, "பாத்து, பாத்து" என்று என் உயிரை எடுத்தீர்கள். "ஓட்டறது நானா நீங்களா? இறங்குங்க" என்றேன். உடனே இறங்கிவிட்டீர்கள். கோபத்தில் பெண்டாட்டி சொன்னதை ஆர்டராக எடுத்துக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. அவ்வளவு மெதுவாகச் சாத்தினீர்கள். ராத்திரி உங்கள் தங்கை போன் செய்து, "அண்ணன் இங்கதான் இருக்கார் அண்ணி" என்கிறாள். அடுத்த வாரம் அவள் வீட்டு ஆள் வந்து பெட்டியை வாங்கிப்போகிறார்.

பஸ் பிடிக்க அவ்வளவு அவசரமா?

இப்படிக்கு,
பின்பக்கம்


மார்ச் 18
டிரைவிங் ஸ்கூல் மாடி

முதலாளியம்மா,

நான் அவசரப்படவில்லை. கால்வாய்ப் பாலத்தில் நின்றேன்.

நீ வளைவைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். கோபம் ஆறியதும் வருவாள் என்று நினைத்தேன். இறக்கிவிட்ட இடத்தில்தான் நிற்க வேண்டும், அப்போதுதான் தேடி வருகிறவர்களுக்கு ஆள் கிடைப்பான். நீ எங்கே வந்து பார்ப்பாய்? இறக்கிவிட்ட இடத்தில்தானே. அதனால் பாலத்தின் கைப்பிடிச் சுவரைவிட்டு ஓர் அடி நகரவில்லை. தங்கை ஊர் பஸ் ஒன்று வந்தது, விட்டேன். இன்னொன்று வந்தது, அதையும் விட்டேன். கண்டக்டர், "பெரியவரே, யாருக்காக நிக்கறீங்க?" என்றார். "வீட்ல வருவாங்க" என்றேன். மழை வந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாய், அதனால்தான் வரவில்லை என்று நினைத்தேன். அந்தப் பக்கம் சிவப்பு விழுந்த பிறகு நான் எப்படி வண்டியை எடுப்பேன்?

டாக்டர் அம்மா நேற்று இரண்டு கண்ணையும் திறந்தே ஓட்டினார்.

இப்படிக்கு,
பாலத்தில் நின்றவன்


மார்ச் 21
மூடிக்கடை

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. கணக்கு எழுதுகிற அம்மா, "என்னக்கா, பிரீமியம் குறைஞ்சிடுச்சா?" என்று ஓடி வந்தாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. வளைவைத் தாண்டியதும் டயர் கடை இருக்கிறதல்லவா, அங்கேதான் வண்டியை நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தேன். நாலு எட்டு நடந்தால் நான் இருப்பேன், ரோஷம் தணிந்ததும் வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். டயர் கடைக்காரர் நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். நேரம் ஆக ஆக, எதையாவது வாங்கினால்தான் மரியாதை என்று தோன்றி, காற்றடிக்கும் பம்ப் ஒன்றை வாங்கினேன். டிக்கியில் இன்னும் கிடக்கிறது.

நீங்கள் பாலத்தில். நான் டயர் கடையில். நடுவே ஒரு வளைவு.

பின்னாலேயே வந்திருக்கலாமே என்பீர்கள். எப்படி வருவேன்? ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் சுவர், வளைவு வேறு. அதில் ரிவர்ஸ் எடுக்க என்னால் முடியுமா? கம்பெனி சிஸ்டத்துக்கே தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா? கடைசியில் நேராகவே போய், ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்தேன். மழை கொட்டுகிறது. பாலத்தில் ஒரு நாய் மட்டும் நனைந்துகொண்டு நின்றது. அதையாவது ஏற்றிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன்.

அத்தனை பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பல் டாக்டருக்குக் கண்ணைத் திறந்துவிட்டீர்கள். எனக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுங்கள். நேரில் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் பிரேக்கை மிதிப்பீர்கள். கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
டயர் கடையில் இருந்தவள்


மார்ச் 24
டிரைவிங் ஸ்கூல் மாடி

என் புது மாணவிக்கு,

பாடம். ஃபீஸ் கிடையாது, எதிர்க்கேள்வியும் கிடையாது.

வண்டியை எடுப்பதற்கு முன் இறங்கிப் போய்ப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார். மூடி மூட்டையை வாங்கும்போது வாயைப் பிரித்துக் கையை விட்டுப் பார்க்கிறாயே, அதே மாதிரி. ஏறி உட்கார்ந்து உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார். பக்கக் கண்ணாடியில் தெரிவதெல்லாம் தூரத்தில் இருக்கிற மாதிரி ஏமாற்றும். உன் மூன்று கிளைமும் அப்படி வந்தவைதான். வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு. ஆக்ஸிலரேட்டரைத் தொடாதே. கிளச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடு. பேரம் பேசும்போது நீ விலையை இறக்குகிற வேகத்தில் விட்டால் போதும்.

எனக்குத் தண்டவாளம் இருந்தது என்றாய். உண்மைதான். அதனால்தான் நீ ஓட்டும்போது பயந்தேன். இத்தனை வருஷம் வண்டி எங்கே திரும்பும் என்று முன்பே தெரிந்து ஓட்டியவன். உன் பக்கத்தில் அது தெரியாது.

அந்த நாய் இன்னும் அங்கே இருக்கிறதா?

இப்படிக்கு,
உன் வாத்தியார்


மார்ச் 27
மூடிக்கடை

என் வாத்தியாருக்கு,

குடோன் முற்றத்தில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்துப் பழகினேன். முதல் நாள் ஆறு பெட்டி நசுங்கியது. மறுநாள் இரண்டு. இன்றைக்கு ஒன்றுமில்லை. கணக்கு அம்மா பின்னால் நின்று, "வாங்கக்கா, வாங்கக்கா, இன்னும் வாங்கக்கா" என்று கத்தினாள். பிறகு, "அக்கா, நான் இங்க நிக்கறேன்கா" என்றும் கத்தினாள். நிறுத்திவிட்டேன். அவள் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு மூடி நுழையும்.

பக்கத்தில் உட்கார்ந்து ஏன் பயந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் மெதுவாகப் போயிருப்பேன். "பாத்து" என்றால் எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்கிற மாதிரி கேட்கிறது. "பயமா இருக்கு" என்றால் அது வேறு.

டைத் தம்பியிடம் திங்கட்கிழமை படிவம் கொடுக்க வேண்டும். அன்றோடு பாலிசி முடிகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பெட்டியோடு வந்து, கால்வாய்ப் பாலத்தில் இறங்குங்கள். இறங்கின இடத்திலேயே நில்லுங்கள். நான் வருவேன். வந்து, உங்களைத் தாண்டி வளைவு வரை போவேன். பயந்துவிட வேண்டாம், வேண்டுமென்றுதான் போவேன். அங்கிருந்து ரிவர்ஸில் உங்களிடம் வருவேன்.

நிறம் தெரியவில்லை என்று எழுதினீர்களே. பச்சை. கண் சரியாகத் தெரியாதவர்களுக்காக இன்னொரு முறையும் எழுதுகிறேன். பச்சை.

காலிக் கட்டத்தோடு படிவம் என் கைப்பையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் முதலாளியம்மா

பின்குறிப்பு: சாப்பாட்டில் உப்பு உண்டு.


மார்ச் 31

இன்சூரன்ஸ் கம்பெனியில் டை கட்டியிருக்கும் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுவது. படிவத்தை இத்துடன் கொடுக்கிறோம். ஒரே முகவரியா என்ற கேள்விக்கு 'ஆம்' கட்டத்தில் குறி போட்டிருக்கிறோம். நேற்றைய தேதியிலிருந்து அது உண்மை. சர்வேயரை அனுப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஓட்டுநர் நேற்றுக் கால்வாய் ரோட்டில், வளைவிலிருந்து பாலம் வரை, ரிவர்ஸில் வந்தார். கால்வாயில் விழவில்லை, சுவரில் உரசவில்லை. இரண்டாம் ஓட்டுநர் பெட்டியோடு நேர் பின்னால் நின்று சாட்சி பார்த்தார், நகரவில்லை. ஒரு நாயும் பார்த்தது. இதை உங்கள் சிஸ்டத்தில் ஏற்றவும். பழைய மூன்றையும் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கிற சிஸ்டம் இந்த ஒன்றையும் வைத்திருக்கட்டும்.

பிரீமியத்தைக் குறைத்துக் கொடுப்பதைப் பற்றி நேரில் பேசுகிறோம். முதல் ஓட்டுநர் பேசுவார். நாற்காலி இரண்டு போட்டு வைக்கவும்.

இப்படிக்கு,
முதல் ஓட்டுநர்
இரண்டாம் ஓட்டுநர்

பின்குறிப்பு, முதல் ஓட்டுநர் தனியாக எழுதுவது: பாலத்திலிருந்து வீடு வரை இவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஆனால் "பாத்து" என்று சொல்லவில்லை. "பயமா இருக்கு" என்றார். நான் மெதுவாக ஓட்டினேன். இதற்கு ஏதாவது தள்ளுபடி உண்டா தம்பி?