தெரு நடுவே போன கோடு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டதும் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுநடுவே தீர்ப்பு வேறு சொல்லுவார். உன் கழுத்துவலி குறைந்ததா? தலையணையை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா, இல்லை வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினாயா?

தேர்தலில் உன் மாமா நின்றது உனக்குத் தெரியும். எதற்கு நின்றான் என்று யாரும் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவனுடைய ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வாசலில் குழாய் போடுகிறோம் என்று பள்ளம் தோண்டினார்கள், குழாயும் போடவில்லை பள்ளத்தையும் மூடவில்லை. ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு யாரால் பள்ளம் தாண்ட முடியும், பாவம் வியாபாரமே படுத்துவிட்டது. எங்கள் ஆபீசுக்கு நடையாய் நடந்தான். நான்தான் முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களின் குறையைக் கேட்டு உள்ளே அனுப்புகிறவள், ஆனாலும் தம்பி என்று வரிசையைத் தாண்டி அவனை விட்டதில்லை. மேடம், அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினர், பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றார், பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒருநாள் அவனுக்குப் பொறுமை போய், உங்ககிட்ட அலையறதுக்கு நானே உறுப்பினர் ஆயிடறது சுலபம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனான். நான் சிரித்தேன். மறுவாரமே சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டு வந்து நிற்கிறான். அதில் கூத்து என்னவென்றால், அவன் மனுப் போட்ட மறுநாளே லாரியில் வந்து பள்ளத்தை மூடிவிட்டார்கள். அதான் மூடியாச்சே, வாபஸ் வாங்குடா என்றேன். பள்ளத்த மூடினா நான் வாய மூடணுமா என்று கேட்டான். அவன் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது, நான் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது, அங்கே ஆரம்பித்தது என் தலைசுற்றல்.

மேடம் என்னிடம் ஓட்டுக் கேட்கவே இல்லை, அதுதான் பெரிய கஷ்டம். கேட்டிருந்தால் சரி என்றோ முறைத்தோ எதையாவது செய்திருப்பேன். நான் உள்ளே போனால் பிரச்சாரப் பேச்சை நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றிப் பேசுவார். உன் மாமாவும் கேட்கவில்லை. தெருத்தெருவாய்ச் சுற்றிவிட்டு நம் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பான், குடித்த டம்ளரைத் தானே கழுவி வைப்பான். உன் மாமா எந்தக் காலத்தில் டம்ளர் கழுவினான், சொல். நீ பிறந்தபோது கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தவன் அவன். இன்னொரு பக்கம், வெளிநாட்டில் இறந்துபோன மகனின் உடலுக்காக ஒரு பெரியவர் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தபோது, மேடம் வீட்டுக்கும் போகாமல் யார் யாருக்கோ போன் போட்டுத் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டதை நான் கண்ணால் பார்த்தவள். பள்ளத்தை மறந்தவரும் அவர்தான், அந்தப் பெரியவரை மறக்காதவரும் அவர்தான். உன் அப்பாவிடம் கேட்டால் காலையில் கூடப் பிறந்தவன் ஆச்சே என்பார், சாயங்காலம் சம்பளம் கொடுக்கிற இடம் ஆச்சே என்பார், முடிவாகச் சொல்லுங்கள் என்றால் ரெண்டும் சரிதானே என்று பேப்பரை விரித்துக்கொள்வார். ஆபீஸ் டிரைவர் வேறு, அக்கா ஓட்டு எந்தப் பக்கம் என்று தினமும் கிண்டல். குழம்பில் உப்புப் போட்டேனா என்பதே எனக்கு மறந்துபோகத் தொடங்கியது.

ஓட்டுப் போடும் நாளும் வந்தது. அதே பள்ளிக்கூடம்தான், ஆனால் எப்போதும் போகிற அறை இல்லை, பக்கத்து அறைக்குப் போகச் சொன்னார்கள். கூட்டத்துக்காகப் பிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விரலில் மை வைத்துக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் ஓட்டு மெஷினைப் பார்த்தால், மேடம் பெயரும் இல்லை, உன் மாமா பெயரும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், மெஷினின் பின்பக்கமும் எட்டிப் பார்த்தேன். பெயர் ஒட்டியவர்கள் விட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்து, வேற மெஷின் வைங்க, இதுல ரெண்டு பேர் காணோம் என்று அதிகாரியிடம் போய் நின்றேன். அவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்கவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். தொகுதிகளைப் புதிதாகப் பிரித்தார்களே, அந்தக் கோடு நம் தெரு நடுவாகப் போகிறதாம். எதிர்வரிசை எல்லாம் மேடத்தின் தொகுதி. நம் வரிசை அடுத்த தொகுதி.

சிரிக்காதே. தொகுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கே தெரியாதா என்று நீ கேட்பாய். எங்களுக்குத் தொகுதி என்பது வரைபடம் இல்லையம்மா, வருகிற ஆட்கள்தான். சாக்கடை அடைக்கிற தெரு, நாய்த் தொல்லைத் தெரு, பஸ் நிற்காத தெரு என்று குறையை வைத்துத்தான் எங்களுக்கு ஊரே அடையாளம். நம் வரிசைக்காரர்கள் பிரித்தபிறகும் எங்களிடம்தான் வந்தார்கள், நாங்களும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. புதுப் படம் ஒன்று வந்தது, அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டி அதன்மேல் குடைகளையும் மாட்டிவிட்டோம். யார் யாரோ ஸ்பீக்கர் வண்டியில் நம் தெருவுக்கு வந்து கத்தியபோதுகூட வழி தவறி வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உன் அப்பாவிடம் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன், நம்ம பேர் இருக்கு என்றார், எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போய் ஓட்டுப் போட்டவர் அவர்தான், யாருக்குப் போட்டீர்கள் என்றால், சும்மா திரும்பி வரக் கூச்சமாயிருந்தது, ஒருத்தருக்குப் போட்டேன் என்கிறார். நான் மட்டும் என்ன, ஸ்பீக்கர் வண்டியில் வந்த வேட்பாளர்களில் ஒருவன் நம் கேட்டை மறித்துக்கொண்டு நிறுத்தியிருந்தான், மெஷினில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் அவனுடையதுதான், அவனுக்கே போட்டுவிட்டு வந்தேன்.

வெளியே வந்ததும் அப்பாடா என்று இருந்தது. யாருக்கும் துரோகம் செய்யவில்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். மேடம் ஜெயித்தார். உன் மாமாவுக்கு மூன்றாவது இடம், சுயேச்சைக்கு அதுவே பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள், அவன் முகம்தான் சுருங்கிப்போயிற்று. எத்தனை பேர் ஏமாத்தினாலும் எங்க அக்கா ஓட்டு எனக்குத்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். அது என் காதுக்கு வந்தபிறகு மறைக்க மனசு வரவில்லை. அவன் வந்தபோது உள்ளதைச் சொல்லிவிட்டேன், கோடு போன கதை முழுவதும். விழுந்து விழுந்து சிரித்தான், கண்ணில் தண்ணீர் வர. நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, சரி, மெஷின்ல எங்க ரெண்டு பேர் பேரும் இருந்திருந்தா யாருக்குப் போட்டிருப்பே என்று கேட்டான். உனக்குத்தான்டா என்று உடனே சொல்லவேண்டியதுதானே? எனக்கு வாய் வரவில்லை. ஒரு மூச்சு நேரம்தான் தாமதம், பிறகு சொன்னேன். ஆனால் அவன் அந்தத் தாமதத்தைக் கேட்டுவிட்டான். வேலை கிடக்கு என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் அதன்பிறகு நம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அன்று மெஷின் முன்னால் நின்றதும் என் கண் முதலில் தேடியது மேடத்தின் பெயரைத்தான். நான் முடிவு செய்துவிட்டுப் போகவில்லை, அது தானாகத் தேடியது. அவனைவிட எனக்கு அவர் பெரிசா? இல்லவே இல்லை. அவனுக்குக் காய்ச்சல் என்றால் நான் ஓடுவேன், மேடத்துக்குக் காய்ச்சல் என்றால் பழம் வாங்கி அனுப்புவேன். பிறகு ஏன் கண் அங்கே போனது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

போன வாரம் ஆபீசில் தலையை நிமிர்த்தினால் உன் மாமா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், எல்லோரையும் போல வரிசையில். அவன் முறை வந்ததும் என் முன்னால் வந்து, எங்க தெருமுனை விளக்கு எரியலைங்க என்றான். அவன் என்னிடம் ங்க போட்டுப் பேசியதே இல்லை. என்னவென்று கேட்டுக்கொண்டேன், செய்கிறோம் என்றேன், நானும் ங்க போட்டேன். அவன் போனபிறகு குளியலறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். விளக்குக்காக வந்தானா, நீ அந்தப் பக்கத்து ஆள்தானே என்று குத்திக்காட்ட வந்தானா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நேற்று விளக்கு போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் ஆபீசில் வேலை முடிந்தால் போனில் சொல்கிற பழக்கம் கிடையாது, குறையைக் கேட்டுக்கொண்ட ஊழியரே, சொன்னவர் வீட்டுக்கு நேரில் போய், சரியாகிவிட்டதா என்று விசாரித்துவிட்டு வரவேண்டும், மேடம் போட்ட விதி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விதி அவனுக்கும் தெரியும். நான் அப்படி வீடு வீடாய் அலைவதைப் பார்த்து இத்தனை வருஷம் கேலி செய்தவன் ஆயிற்றே.

இன்று சாயங்காலம் போகிறேன். விளக்கைப் பற்றிக் கேட்டுவிட்டு, கண் யாரைத் தேடியது என்பதையும் சொல்லிவிடப் போகிறேன், ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியலைடா என்பேன். உள்ளே வா என்பானா, வாசலோடு அனுப்புவானா தெரியாது. வாசலோடு அனுப்பினால் நாளைக்கும் போவேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகம் ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நீடூழி வாழவேண்டும். மாமாவுக்கு மறக்காமல் போன் பண்ணு, தேர்தல் பேச்சை நீயாக எடுக்காதே. நீங்கள் அங்கே குடியிருக்கிற வீடு எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று இப்போதே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா