முந்த ஆளில்லாத ஓட்டம்

அன்புள்ள இங்க்ரிட்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நாய் ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த எண்ணெய் வயல் முகாமில் குளிரும் சூப்பும் தாராளம். மது மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

வியாழக்கிழமை ஒரு சின்ன வேடிக்கை. உடற்பயிற்சி அறையில் டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தவன், கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அடி ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்புதான். முகாம் நர்ஸ் ரோஷெல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குய்யா இப்படி ஓடுன? யாராவது துரத்துனாங்களா?"

"துரத்தல. முந்துறதுக்குத்தான் ஆளில்ல."

"சாப்டியா?"

"ஓடி முடிச்சாத்தான் சாப்பாடு."

"எப்ப முடியும்?"

"அதாம்மா தெரியல."

தலையில் அடிபட்டுவிட்டதோ என்று கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். நம் ஊர் பெண்டிக்டனில் நாம் இருவரும் ஓடும்போது குன்றின் உச்சி வந்தால் ஓட்டம் முடிந்துவிடும். முதலில் உச்சியைத் தொட்டவர் ஒயினைத் தேர்ந்தெடுப்பார், தோற்றவர் சமைப்பார். இங்கே உச்சியே வரவில்லை. சாப்பிடுவதற்காக ஓடினோமா, ஓடுவதற்காகச் சாப்பிட்டோமா என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கடைசியாக நீ திறந்த ஒயின் புட்டியின் தக்கையையும் அதோடு வை, கழுவாதே.

வேலைக்குக் கூட்டிப் போகும் பஸ் ஹாரன் அடிக்கிறது, போகிறேன். ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. நீ தனியாகக் குன்றேறும் நாளில் ஜெயிப்பதும் நீ, தோற்பதும் நீ. அன்றைக்கு நம் வீட்டில் சமைக்கிறது யார்?

உன்
டக்