கொள்ளிடக்கரைத் தண்ணீர்க் கணக்கு

6 மார்ச் 1961, திங்கள்
ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரை ஓரத் தெரு ஒன்றுக்குச் சுத்திகரித்த தண்ணீர் கொடுத்தால் லாபமா நஷ்டமா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆபீஸ் உத்தரவு. எண்பத்தாறு வீடு. கேள்வித்தாளோடு இறங்கினேன். பேதியால் கூலி போன நாள் எத்தனை, வைத்தியச் செலவு எவ்வளவு.

ஏழாவது வீடு இருளாயி. ஐப்பசியில் கிணற்றுத் தண்ணீர் குடித்து மகன் போய்விட்டான். "பேரு மருதை. நாலு வயசுங்க."

கூலி நஷ்டக் கட்டத்தில் சைபர் போட்டேன். "என்ன எழுதுனீங்க?" என்றாள். பேரை எழுதினேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

7 மார்ச்
மீதி வீடுகளுக்கும் போனேன். கேள்வித்தாளில் செத்தவர் பேருக்குக் கட்டமே இல்லை.

11 மார்ச்
கூட்டிவிட்டேன். திட்டத்துக்கு வருஷச் செலவு 4,100. வியாதியால் ஜனங்களுக்கு நஷ்டம் 2,600. ஆக, அவர்கள் நல்ல தண்ணீர் குடிப்பது வீண் செலவு!

குழந்தை செத்ததற்கு என்ன போடுவது என்று எங்கள் ஆபீசர் பெரியண்ணன் சாரிடம் கேட்டேன். "அது சம்பாதிக்கலையே, அருள்நாதன்." அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

13 மார்ச்
மனசு கேட்காமல் மறுபடி போனேன். இருளாயி குடத்தோடு வந்தாள், மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு நான் பேரை எழுதலம்மா."

"தெரியுங்க. எழுத்துத்தான் வராது. சைபர் தெரியும்."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளே பேசினாள். ரோட்டுக் குழாய்க்குப் போய் வருகிறாளாம். "போக வர ஒரு மணி. எல்லா வீட்லயும் இதே பாடுதான். குழாய் வராத அன்னிக்குக் கிணறு. அன்னிக்குத்தான் சீக்கு."

ஒரு மணி நேரம். தினமும். எண்பத்தாறு பேர். இதை நான் கேட்கவே இல்லையே!

14 மார்ச்
மணிக்குப் பத்து நயா பைசா என்று போட்டுக் காட்டினேன். சார் சிரித்தார். "பொம்பளைங்க நடக்கிறதுக்கு எவன்யா கூலி கொடுக்கிறான்?"

"அந்த நேரம் இருந்தா களை எடுக்கப் போவாங்க சார்!" கத்திவிட்டேன் போலிருக்கிறது. டைப்பிஸ்ட் திரும்பிப் பார்த்தார்.

சார் தாளை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார். "அஞ்சு பைசா போடு. அதுக்கு மேல கமிட்டி ஒத்துக்காது."

அஞ்சு பைசாவில், திட்டச் செலவு போக வருஷத்துக்கு ஏறக்குறைய எழுபது ரூபாய்தான் லாபமாக மிஞ்சுகிறது. ஒரு எழுபது ரூபாய்.

20 ஏப்ரல்
கமிட்டி ஒத்திப் போட்டது.

9 ஆகஸ்ட்
திட்டம் பாஸ். கமிட்டியில் சார் எனக்காக இரண்டு மணி நேரம் வாதாடினாராம். என்னிடம் சொல்லவே இல்லை.

2 ஜூன் 1963
இன்று தெருவில் குழாய் திறந்தார்கள். நான் பின்னால் நின்றேன். இருளாயி குடத்தை மோந்து பார்த்து, "மருந்து வாடை அடிக்குதுங்களே" என்றாள். அதுதான் நல்லது என்றேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். என்னையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி, இடுப்பிலிருந்த பெண் குழந்தையின் வாயில் விட்டாள்.