நனைக்காத துணி

12 ஜூலை 1996, வெள்ளி.

மகள் ஷீபா கூண்டில் வளர்க்கும், முயல்குட்டி அளவுக் கினிப்பன்றி இன்றும் தும்முகிறது. என் துணிக்கடையில் மிஞ்சிய திருப்பூர் ஃபிளீஸ் என்னும் பொசுபொசுத் துணியில் அதற்கு மெத்தையும், ஒளிந்து படுக்க ஒரு பையும் தைத்தது நான்தான். தைக்கும் முன்பே மனைவி சொன்னாள், "நல்லா அலசிட்டுத் தையுங்க."

"புதுத்துணிய எவனாவது நனைப்பானா? மவுசு போயிரும்," என்றேன். கடைக்காரப் புத்தி.

சாயங்காலம் மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். மூத்திரம் உள்ளே இறங்காமல், சேம்பிலைத் தண்ணீர் போல மேலேயே நின்றது. பன்றியின் வயிறெல்லாம் ஈரம். அதே துணியில் மிச்சமிருந்த ஒரு துண்டை வெந்நீரில் மூன்று தடவை அலசிப் பார்த்தேன். அது உடனே தண்ணீரை இழுத்தது.

"பன்னிக்கு என்ன மவுசு வேண்டிக் கெடக்கு?" என்றாள் மனைவி. ஷீபா சிரிக்கவில்லை.

"அப்பா, இது செத்துப்போவுமா?"

"இல்ல மக்கா," என்றேன். தெரிந்தா சொன்னேன்?

மெத்தையையும் பையையும் அலசிப் போட்டிருக்கிறேன். இந்த மழையில் எப்போது காயுமோ. அதுவரைக்கும் என் பழைய வேட்டியை மடித்து விரித்தேன். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி. பன்றி மோந்து பார்த்துவிட்டு மடிப்புக்குள் புகுந்து படுத்தது.

இப்போது தும்மல் நின்ற மாதிரி இருக்கிறது. மழை இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லையோ என்னவோ.