பூஜையில் வைத்த ஃபிளாப்பி

அக்டோபர் 22, திங்கள்

காலையிலேயே மழை. விதைப்புக்கு ஆச்சு என்று ஊருக்கெல்லாம் சந்தோஷம். எங்களுக்கு சர்வே லேப். கரிசல் காட்டில் நிலம் அளக்கிற தியோடலைட்டை நிறுத்தினால் ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் மெல்ல உள்ளே போகிறது. மட்டம் காட்டுகிற குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து நிமிர்வதற்குள் மறுபடி ஓரத்துக்கு ஓடிவிடும். செருப்பில் ஆளுக்கு ஒரு கிலோ மண். சிவில் எடுத்தது என் தலையெழுத்து. இல்லை, அப்பாவின் ஆசை. கோவில்பட்டியில் கம்பியும் சிமெண்டும் விற்கிறவர் மகள் வேறு என்ன படிப்பாள்?

சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம், பாத்திரக்கடை மாடி. வாசலில் செருப்பைக் கழற்றியபோது கட்டி கட்டியாக மண் உதிர்ந்தது. சார் முறைத்தார். பரவாயில்லை, என் புரோகிராம் ஓடியது!! தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சிக்கு லாரிக் கணக்கு. எந்த லாரியில் எத்தனை பண்டல் ஏறியது, எந்த ஊருக்குப் போனது. வெள்ளிக்கிழமை விஜயதசமி. அன்று நல்ல நேரத்தில் அவர் ஆபீஸிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும்.

சாப்பிடும்போது அப்பா, பேப்பரை மடித்துக்கொண்டே: "அமெரிக்காவுல கம்ப்யூட்டர் கம்பெனியெல்லாம் வரிசையா மூடுதாம். இவ இங்கன மாடி ஏறி அதப் படிக்கா." பிறகு தீர்ப்பு: "சனிக்கெழம ஸ்ட்ரக்சர் டெஸ்ட்ல பாஸாகலன்னா அந்தக் கிளாஸுக்கு முழுக்குப் போட்டுரணும். பாத்துக்க."

அந்த மாடி இல்லாவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது? கம்ப்யூட்டரில் தப்பு செய்தால் உடனே, எந்த வரியில் என்று சொல்கிறது. காலேஜில் பேப்பர் திருத்தி வரும்போது என்ன எழுதினோம் என்றே மறந்துபோகிறது.

அக். 23, செவ்வாய்

வெயில். செய்ய வேண்டியவை:
– ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் பீம் கணக்குகள், எல்லாம்
– லாரிக் கணக்கில் தேதி வரிசை
– பிரிண்ட் எடுக்கிற பகுதி
– தலைக்கு எண்ணெய் (அம்மா)

செய்தவை: தேதி வரிசை. பிரிண்ட். எண்ணெய்.

ஸ்ட்ர. வகுப்பில் பீம் படம் வரைந்து, அதன் கீழேயே லாரிக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் மீனா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, பீம் மேல எதுக்கு லாரி போகுது?" சிரிப்பை அடக்கி இருவருக்கும் இருமல். சார் எங்களுக்குத் தண்ணீர் குடிக்க அனுமதி தந்தார். நல்ல மனிதர்.

அம்மா ஃபிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தன மாசம் படிச்சது இந்தச் சில்லுக்குள்ளயா இருக்கு?" தகர மூடியைத் தள்ளிக் காட்டினேன். "உள்ள கறுப்பா வட்டமாத் தெரியுதுல்லா, அதுலதான் எல்லாம். வெளிய சும்மா உறைம்மா." பயபக்தியோடு தலையாட்டினாள். என் படிப்பு வீட்டில் ஒருவருக்காவது புரிந்தது. பெருமையாக இருந்தது.

அக். 25, வியாழன்

ஆயுத பூஜை. குளித்துவிட்டு வந்தால் மேஜை காலி. என் புத்தகம் அத்தனையும் பூஜையில். ஸ்ட்ர. புத்தகம் அடுக்கின் அடியில். அதன் மேல் அப்பா கடையின் இஞ்ச் டேப், என் கால்குலேட்டர், உச்சியில் எலுமிச்சம்பழத்தோடு ஃபிளாப்பி.

"ம்மா, நாளான்னைக்கு டெஸ்ட்."

"இன்னைக்குப் புத்தகத்தத் தொட்டா படிப்பு வராது."

"தொடலன்னா பாஸே வராது."

"நாளைக்குக் காலைல மறுபூஜ முடிஞ்சி எடுத்துக்க. சரஸ்வதிக்கு ஒரு நாள் லீவு குடுட்டி."

மற்ற வருஷமெல்லாம் இந்த லீவுக்குத் தவம் கிடந்தவள்தான் நான். இன்று பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு, அடுக்கின் முதுகில் தெரிகிற புத்தகத் தலைப்பையே பார்த்திருந்தேன். கால்குலேட்டருக்கு சந்தனப் பொட்டு, டேப்புக்குப் பொட்டு, வீட்டு மிக்ஸிக்கும் பொட்டு. ஃபிளாப்பி மட்டும் சுத்தமாக இருந்தது. அம்மாவுக்கு விவரம் தெரிகிறது என்று நினைத்தேன்.

அக். 26, வெள்ளி

விஜயதசமி. என்ன நாள் இது!

மறுபூஜை முடிந்ததும் ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு சென்டருக்கு ஓட்டம். ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று போட்டால் கரகரவென்று சத்தம். படிக்க முடியவில்லை என்கிறது. சார் வெளியே எடுத்து, தகர மூடியைத் தள்ளினார். உள்ளே கறுப்பு வட்டத்தின் மேல் அழகாக சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னம்மா இது, டிரைவுக்கும் சேத்து அபிஷேகமா?"

அழுதுவிட்டேன். சென்டர் மெஷினில் இருந்தது போன வாரத்துக் காப்பி. தேதி வரிசை இல்லை, பிரிண்ட் இல்லை. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் தட்டினேன். கீபோர்டு சந்துகளிலும் குங்குமம், சென்டர் பூஜை உபயம். விரல் நுனியெல்லாம் சிவப்பு. சார் புது ஃபிளாப்பி தந்தார். கீழே மொபெட்டோடு அப்பா. "இன்னும் என்னட்டி, நேரம் போகுதுல்லா."

தீப்பெட்டி ஆபீஸ். மாலை போட்ட கம்ப்யூட்டர். அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் கைகட்டி நிற்கிறார். முதல் லாரியைப் பதிந்தேன். திரையில் வரிசை எண்: 0.

அவசரத்தில் ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டேன்.

அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. "விசயதசமி அன்னைக்கு, மொத லாரிக்கு முட்டையா?"

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் பூஜ்யத்துல இருந்துதான் எண்ணும்."

"அது எண்ணட்டும் தாயி. அதுக்கு யாவாரம் தெரியுமா? நாங்க நெல்லு அளந்தாலும் பண்டல் எண்ணுனாலும் ஒண்ணுன்னு கூட சொல்ல மாட்டோம். லாபம்னுதான் தொடங்குவோம். லாபம், ரெண்டு, மூணு. ஒங்க அப்பாட்ட கேளு."

கேட்கவே வேண்டாம். அப்பா கம்பி எண்ணுவதும் அப்படித்தான். அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். அவமானமாக இருந்தது. உட்கார்ந்தேன். முதல் வரி என்றால் எண் வேண்டாம், லாபம் என்று போடு. மற்றதுக்கு ஒன்று கூட்டிக்கொள். ஓட்டினேன். ஆங்கில எழுத்தில், ஆனால் கொட்டை எழுத்தில், முதல் லாரிக்கு நேரே லாபம்.

அண்ணாச்சி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இப்பதான் அதுக்கு யாவாரம் வருது." எல்லோருக்கும் கேசரி. அப்பா மட்டும் இரண்டு தடவை வாங்கினார்.

வீட்டில் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அம்மா அசரவில்லை. "வெளிய சும்மா உறைன்னு நீதான சொன்ன? உறைக்குப் பொட்டு வச்சி என்ன புண்ணியம்?"

புத்தகத்தைத் திறக்கிறேன்.

அக். 27, சனி

டெஸ்ட். தூறல். மூன்று தாங்கிகள் மேல் ஒரு பீம். கேள்வி என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன். நிறைய எழுதினேன். மீனா அடிஷனல் ஷீட் வாங்கினாள். நானும் வாங்கினேன், மரியாதைக்கு.

அக். 29, திங்கள்

ஐம்பதுக்குப் பதினெட்டு. போச்சு.

எட்டயபுரம் ரோடு முழுக்க பஸ்ஸில் ஒத்திகை. "அப்பா, மார்க் வந்துட்டு." வேண்டாம். "அப்பா, கிளாஸ்ல முக்காவாசி பேர் ஃபெயில்." பொய். கடைக்குப் போனால் அங்கே அண்ணாச்சி. அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

"ஒன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். வா தாயி. நம்ம ஆபீஸுக்குப் புது ஷெட்டு போடுதேன். கம்பி, சிமெண்டு எல்லாம் அப்பா கடையில. பிளானு நீ போட்டுரு. லாரிக் கணக்கையே பொட்டிக்குள்ள அடைச்ச பிள்ளைக்கு ஒரு ஷெட்டு என்ன கஷ்டம்?"

அப்பா: "மூணாம் வருசம்லா அண்ணாச்சி. பிரமாதமாப் போட்டுருவா."

அந்த ஷெட்டில் காலை முதல் சாயங்காலம் வரை எத்தனை பெண்கள் உட்கார்ந்து தீப்பெட்டி அடுக்குவார்கள்! சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, நான் போட்டா விழுந்துரும்."

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். சரி, வேறு எஞ்சினியர் பார்க்கிறேன், கம்பி இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா சிரிக்கவில்லை. "எவ்வளவு?"

"பதினெட்டு."

சிமெண்ட் மூட்டையைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். நான் அழுகைக்குத் தயாராக நின்றேன்.

"கிளாஸுக்குப் போ. கம்ப்யூட்டரு விழுந்தா ஆளு சாகாது."

காதில் விழுந்தது சரிதானா என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தொடர்ந்தார். "ஆனா இந்தப் பாடத்தையும் பாஸாகணும். இருவது வருசமா கம்பி விக்குதேன். அது எப்படித் தாங்குதுன்னு வீட்டுல ஒருத்தருக்காவது தெரியணும்லா."

அவருக்குத் தெரியாது என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

மறுதேர்வு வெள்ளி. புத்தகத்தை எடுத்தேன். கம்பிக் கட்டின் மேல் உட்கார இடம் விட்டார். "எங்க, மொத கணக்க எனக்குச் சொல்லு பாப்போம்" என்றார். சொல்ல ஆரம்பித்தேன், கரண்ட் போய்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.